குவாரிக் குழிக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கசிவைக் கண்டுபிடிக்கும் முறை

கொழும்பை அடுத்த கடுவெல, ஹோமாகமப் பக்கத்துக் கருங்கல் குவாரிகளில் மேலே கபுக் எனும் செம்புரை மண், கீழே வெடிப்பு (கீறல்) விட்ட பாறை. இந்த அமைப்பில் குழிக்குள் தண்ணீர் வர மூன்று வழிதான் இருக்கிறது: மழை, பாறையிலுள்ள வெடிப்பு வழியாக வரும் நிலத்தடி நீர், நீங்களே இறைத்து வெளியே விட்ட தண்ணீர். மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மண் வாய்க்காலில் விட்ட தண்ணீர் கீழே இறங்கி, வெடிப்பு வழியாகத் திரும்பக் குழிக்கே வந்துவிடும். பம்ப் ஓடும், மின்கட்டணம் ஏறும், மட்டம் மட்டும் குறையாது. அதனால் அடைக்கும் வேலையைப் பிறகு பார்க்கலாம். முதலில் அளக்க வேண்டும்.

மழைக் கணக்கு

1 சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர். 1 ஹெக்டயரில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 1000 கன மீற்றர். செக்கனுக்கு 20 லீற்றர் தள்ளும் பம்ப் இதை இறைத்து முடிக்க ஏறக்குறைய 14 மணித்தியாலம் எடுக்கும். குழியின் பரப்பை மட்டும் போட்டால் கணக்குப் பிழைக்கும். குழியை நோக்கிச் சாயும் மேட்டு நிலத்தையும் சேர்க்க வேண்டும். அந்த மேட்டுத் தண்ணீரை விளிம்புக்கு வருமுன்பே மறித்து, வாய்க்கால் வெட்டி, வேறு பக்கம் திருப்புவதுதான் இருப்பதில் மலிவான வேலை. மே மாதமும் ஒக்டோபர், நவம்பரும் வருமுன் அதைத் துப்புரவாக்கி வையுங்கள்.

கசிவை அளப்பது

சிறு கசிவுக்கு வாளியும் கடிகாரமும் போதும். 20 லீற்றர் வாளி 40 செக்கனில் நிரம்பினால் செக்கனுக்கு அரை லீற்றர். சொற்பமாகத் தெரியும், ஒரு நாளைக்கு அது 43 கன மீற்றர்.

அதற்கு மேல் வந்தால் வி-வெட்டுத் தகடு வையுங்கள். 3 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் சரியாக 90 பாகையில் வி வடிவம் வெட்டி, தண்ணீர் போகும் பக்கத்து விளிம்பை அரத்தால் சரித்துக் கூராக்க வேண்டும். கசிவுகள் சேரும் காணில் தகட்டை நிமிர்த்தி நிறுத்தி, இரு பக்கமும் அடியும் களிமண், பொலித்தீன், மணல் மூட்டையால் அடையுங்கள். தகட்டுக்கு அடியால் தண்ணீர் ஒழுகினால் அளவு முழுக்க வீண். வெட்டைத் தாண்டி விழும் தண்ணீர் காற்றில் விடுபட்டு விழ வேண்டும். கீழ்ப்பக்க மட்டம் வெட்டின் முனையைத் தொடக் கூடாது.

உயரத்தைத் தகட்டில் வைத்து அளக்காதீர்கள். அங்கே நீர்மட்டம் வளைந்து தாழும். எதிர்பார்க்கும் அதிக உயரத்தின் நான்கு மடங்கு தூரம் தண்ணீர் வரும் பக்கமாகத் தள்ளி அளவுகோலை நட்டு, அதன் பூச்சியம் வெட்டின் முனை மட்டத்தில் இருக்கிறதா என்று ரச மட்டத்தால் பாருங்கள். 5 சென்ரிமீற்றர் உயரம் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 0.8 லீற்றர், 7 என்றால் 1.8, 10 என்றால் 4.4, 15 என்றால் 12. உயரம் இரட்டித்தால் தண்ணீர் ஐந்து மடங்குக்கு மேல் ஏறுவதைக் கவனியுங்கள். அரை சென்ரிமீற்றர் பிழைகூடச் சிறியதல்ல.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் உயரம், முதல் நாள் மழை, பம்ப் ஓடிய நேரம், தண்ணீரின் நிறம் நான்கையும் கொப்பியில் எழுதுங்கள்.

கொப்பி சொல்வது

மழை விட்டதும் வேகமாகக் குறைந்தால் அது மேல்நீர். மழையில்லாத நாட்களிலும் ஏறாமல் இறங்காமல் நின்றால் நிலத்தடி நீர். பம்ப் ஓடத் தொடங்கிச் சில மணித்தியாலத்தில் ஏறி, நிறுத்தியபின் இறங்கினால், உங்கள் தண்ணீரே சுற்றிக்கொண்டிருக்கிறது. உறுதிசெய்ய, மழையில்லாத நாளாகப் பார்த்துப் பம்பை 12 மணித்தியாலம் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் குழி மட்டம் ஏறித் தகட்டை மூழ்கடிக்காதபடி, தகடு குழியின் அடிக்கு மேலேயுள்ள தட்டில் இருக்க வேண்டும்.

சாயம் விட்டுப் பார்ப்பது

எந்த வாய்க்காலிலிருந்து தண்ணீர் திரும்பி வருகிறது என்று தெரிய, தண்ணீரைப் பச்சையாக்கும் யூரனின் சாயம் நல்லது. 10 முதல் 20 கிராமை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பம்ப் ஓடும்போது வாய்க்காலின் தலையில் ஊற்றுங்கள். பிறகு ஒவ்வொரு கசிவுப் புள்ளியிலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை போத்தலில் தண்ணீர் பிடித்து, நேரத்தை எழுதி ஒட்டி, வெயில் படாமல் வையுங்கள். வெயிலில் இந்தச் சாயம் மங்கிவிடும். சாயம் ஊற்றிய ஆள் போத்தலைத் தொடவே கூடாது. கையில் ஒட்டிய தூள் ஒரு துளி போதும், எல்லாப் போத்தலும் பச்சையாகிவிடும். அயலில் கிணறு இருந்தால் முதலே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் திடீரென்று பச்சையானால் யாருக்கும் கோபம் வரும்தானே.

கொண்டிஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று) போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது மண்ணிலுள்ள மக்கிய பொருளோடு தாக்கமுற்றுக் கபில நிறமாகிவிடும். கபுக் தண்ணீரில் அந்த நிறத்தை யார் பிரித்துப் பார்ப்பது?

குழாயையும் விட்டுவைக்காதீர்கள். இரு முனை வால்வையும் பூட்டி, தண்ணீர் நிரப்பி அமுக்கம் ஏற்றி, அமுக்கமானியை 30 நிமிடம் பாருங்கள். விடியற்காலையில் செய்யுங்கள், வெயில் ஏறினால் கறுப்புக் குழாய் சூடாகி முள் தானாக நகரும். பம்பை நிறுத்தியதும் குழாயில் தண்ணீர் பின்னோக்கி ஓடும் இரைச்சல் கேட்டால், திரும்பாத வால்வு போய்விட்டது.

திருத்துவது

சுற்றி வரும் தண்ணீர் என்றால் வாய்க்காலுக்குக் கொங்கிறீட் பூசுங்கள், அல்லது மூடிய குழாயிலேயே கொண்டுபோய் மண்டி படியும் தொட்டியில் விடுங்கள். சேற்றுத் தண்ணீரை நேரே ஓடையில் விட்டால் சுற்றாடல் உரிமத்துக்கே வினை.

பாறை முகத்தில் கசியும் வெடிப்பைச் சீமெந்தால் அடைப்பது புதியவர்கள் செய்யும் பிழை. பின்னால் அமுக்கம் கூடிப் பாறைத் துண்டைத் தள்ளிவிடும். தண்ணீர் வெளியேற உள்ளே போகப் போக மேலேறும்படி ஏறக்குறைய 5 பாகை சரிவில் துளையிடுவதே சரி. வெடிக்காமல் தங்கிய மருந்து எதுவும் அங்கே இல்லையென்று வெடிவைக்கும் பொறுப்பாளர் சொல்லும்வரை துளைக் கருவியைத் தொடக் கூடாது.

கபுக் சுவரில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் நேரம் இருக்கிறது. கலங்கி வந்தால் மண் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது. ஆட்களையும் பெக்கோ (மண் தோண்டும்) இயந்திரத்தையும் முதலில் விலக்குங்கள். சுவர் நிற்கும் என்று பொறியியலாளர் பார்த்துச் சொன்ன பிறகே கிட்டப் போகலாம். அடைக்காமல், வடிதுணி, பருமணல், சல்லிக்கல் என்ற வரிசையில் மூடினால் மண் நிற்கும், தண்ணீர் போகும். விளிம்பின் மேல் கீறல் தெரிந்தால் களிமண்ணால் நிரப்பிப் பொலித்தீன் விரியுங்கள். கீறல் அகலுகிறதா என்று இரு பக்கமும் ஆணி அடித்துத் தினமும் அளந்து பாருங்கள்.

பம்பைச் சேற்றில் வைக்காமல் தொங்கவிடுங்கள். மேலே வைத்து உறிஞ்சும் பம்ப் என்றால் 6 அல்லது 7 மீற்றருக்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். வயருக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம்.

இவ்வளவும் செய்த பிறகும் வெடித்துளையில் தண்ணீர் நின்றால், அமோனியம் நைத்திரேற்று எண்ணெய்க் கலவையை அதில் கொட்டாதீர்கள். அது தண்ணீரில் கரைந்து வெடிக்காமல் போகும். துளையை ஊதித் தண்ணீரை வெளியேற்றியும் மறுபடி ஊறினால், நீர் தாங்கும் வோட்டர் ஜெல் அல்லது எமல்ஷன் தோட்டாதான் போட வேண்டும்.