புது நாய்க்கு முதலில் உங்கள் வாசனையை அனுப்புங்கள்

காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயை எடுப்பதென்று முடிவானால், அழைத்து வரும் நாளுக்கு முன்பே உங்கள் வாசனை அங்கே போய்ச் சேரட்டும். பழைய பருத்தி பனியன் ஒன்றை இரண்டு இரவு போட்டுத் தூங்குங்கள். பவுடர், சென்ட் வேண்டாம். துவைக்காமல் ஜிப் கவரில் மூடி, நாய் படுக்கும் இடத்தில் போடச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். வாசனை மங்கிக்கொண்டே போகும் என்பதால் தாமதிக்காதீர்கள். வீட்டில் ஆளுக்கொரு கவர் தேவை. எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்தால் வாசனைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். புது வீட்டில் அதற்குப் பழகிய வாசனையும் இருக்கட்டும் என்று, வரும்போது நாய் படுத்த சாக்கையோ துணியையோ அழுக்கோடு கேட்டு வாங்கி வாருங்கள்.

முதல் சந்திப்பில் பலரும் கையை மூக்கருகே நீட்டுகிறார்கள். அது தேவையே இல்லை. நாலடி தள்ளி நின்றாலே உங்கள் வாசனை அதற்குக் கிடைத்துவிடும். முகத்துக்கு நேரே வரும் கை அதற்கு மிரட்டல். பக்கவாட்டில் திரும்பிக் குந்தி, உற்றுப் பார்க்காமல், கையைத் தொடையோரம் தொங்கவிடுங்கள். அதுவே வரட்டும். எழுந்து நிற்கும்போது கவட்டையை முகர்ந்தால் அதட்டாதீர்கள். அக்குளிலும் கவட்டையிலும்தான் நம் வாசனைச் சுரப்பிகள் அதிகம். அதற்கு எட்டுவது இரண்டாவதுதான். கூச்சம் நமக்குத்தான். முகர்ந்து முடித்து அருகிலேயே நின்றால், மார்பில் மூன்று நொடி தடவிக் கையை எடுங்கள். மறுபடி சாய்ந்தால் தொடரலாம். விலகினாலோ உறுமினாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

பதற்றத்தோடு போகாதீர்கள். 2022-இல் பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில், மனக்கணக்குப் போட வைத்துப் பதற்றப்படுத்திய 36 பேரின் வியர்வையையும் மூச்சையும் பயிற்சி பெற்ற நான்கு நாய்களிடம் காட்டினார்கள். அதே ஆட்கள் கணக்குக்கு முன் கொடுத்த மாதிரியிலிருந்து அதை 93.75 சதவீத முறை சரியாகப் பிரித்தன. குரலை இனிமையாக்கினாலும் வியர்வையை மறைக்க முடியாது.

முதல் வாரம் ஊதுபத்தி, சாம்பிராணி, அறை ஸ்ப்ரே எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அந்துருண்டையைக் கண்டிப்பாக அகற்றுங்கள்; நாய் விழுங்கினால் நஞ்சு. நடைக்கு மூன்று மீட்டர் வார் எடுத்து, கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டையில் மாட்டி, இருபது நிமிடம் அது நிற்கும் இடமெல்லாம் நில்லுங்கள். இழுத்துக்கொண்டே நடந்தால் தெருவை அது படிக்கவே இல்லை.

வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் ஃபினாயில் ஊற்றுவதுதான் நம் வழக்கம். அது நம் மூக்கைத்தான் ஏமாற்றும். அடியில் வாசனை அப்படியே இருக்க, நாய் அதே மூலைக்குத் திரும்பும். அம்மோனியா கலந்த திரவம் இன்னும் மோசம், அதுவே சிறுநீர் போல நாறும். பழைய துணியால் ஒற்றி எடுத்து, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும், சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் என்சைம் திரவத்தை ஈரம் பரவிய இடத்தைவிடக் கொஞ்சம் அகலமாக ஊற்றி, புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிடுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரையோ ஃபினாயிலையோ கலந்தால் என்சைம் வேலை செய்யாமல் போகும்.