மடிக்கணினி வாங்கும் முன் பத்து நிமிடச் சோதனை

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு மடிக்கணினி பார்க்கப் போகிறவர்கள், செயலியின் (பிராசசர்) வேகத்தை அளந்து புள்ளி தரும் சினிபெஞ்ச் ஆர்23 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். நிறுவத் தேவையில்லை, கடைக்காரரிடம் கேட்டு அப்படியே இயக்கலாம்.

முதலில், செயலியின் எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் வேலைவாங்கும் மல்டி கோர் சோதனையை ஒரு சுற்று மட்டும் ஓட்டி, புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதையே பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிடுங்கள். செயலி சூடேறினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், புள்ளியும் இறங்கும். நான் முதலில் பார்ப்பது இந்த இறக்கத்தைத்தான். விளம்பரத்தில் போடுவதோ பெரும்பாலும் உச்சப் புள்ளி! கடையில் ஏசி இருக்கும். ஏப்ரல் மாதப் பிற்பகலில், வெள்ளவத்தையில் மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் இறக்கம் இன்னும் கூடலாம்.

இரண்டு கணினிகளை ஒப்பிடும்போது இரண்டையும் சார்ஜரில் இணைத்து, மின்சக்தி அமைப்பையும் (பவர் மோட்) ஒன்றாக வையுங்கள். பேட்டரியில் ஓடினால் பல கணினிகள் வேகம் குறைந்துவிடும்.

மென்பொருளின் பதிப்பையும் தயவுசெய்து பாருங்கள். ஆர்23இல் ஆயிரக்கணக்கில் வரும் மல்டி கோர் புள்ளி, சினிபெஞ்ச் 2024இல் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில்தான் வரும். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடவே முடியாது.