மழைக்காட்டுக்குள் அக்கா தங்கையை அனுப்புமுன்: சிறார் சாகச நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காட்டில் வழிதவறிய அக்கா, தங்கை. இப்படி ஒரு கரு கிடைத்ததும் எழுதுபவருக்குக் கை பரபரக்கும். முதல் இரண்டு அத்தியாயத்திலேயே புலி, மலைப்பாம்பு, புதைமணல், அறுந்து தொங்கும் பாலம் எல்லாம் வந்து போய்விடும். அப்புறம் மூன்றாம் அத்தியாயத்துக்குச் சரக்கு இருக்காது.

எந்தக் காடு என்று முடிவு செய்யாமல் தொடங்குவதில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது. கொரில்லா ஆப்பிரிக்காவில் மட்டும்தான் உண்டு. ஒராங்குட்டான் போர்னியோவிலும் சுமத்ராவிலும் மட்டும். சுமத்ராவில் புலி இருக்கிறது. பக்கத்துத் தீவான போர்னியோவில் இன்று இல்லை. அமேசானில் புலியே கிடையாது, அங்கே ஜாகுவார். வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துத் தொங்கும் குரங்கு வேண்டுமென்றால், கதையை அமெரிக்கக் கண்டத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று நினைக்காதீர்கள். விலங்குப் பைத்தியம் பிடித்த எட்டு வயசுப் பிள்ளை முதலில் கவனிப்பதே இதைத்தான்.

அடுத்தது, எங்கு பார்த்தாலும் புதர் என்று எழுதுவது. உயரமான மரங்கள் மேலே கூரைபோல மூடிக்கொள்வதால், தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் சுமார் 2 சதவீதம்தான். அந்த இருட்டில் புதர் அதிகம் வளராது. வெட்டப்படாத பழைய காட்டின் தரை பல இடங்களில் நடக்கக்கூடியதாகவே இருக்கும். அடர்ந்த புதரெல்லாம் ஆற்றங்கரையிலும் மரம் விழுந்து வெயில் இறங்கிய இடத்திலும்தான். மழையும் அப்படித்தான். இலைகளைத் தாண்டிக் கீழே வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். மேலே விட்ட பிறகும் கீழே சொட்டிக்கொண்டே இருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் மறைந்தால் அரைமணிக்குள் கும்மிருட்டு. பொழுது சாயச் சாய மூன்று பக்கத்துக்குப் பேசிக்கொண்டு நடக்க வாய்ப்பே இல்லை.

ஆபத்து என்றால் பெரிய வாயும் பல்லும் என்றே பலர் எழுதுகிறார்கள். 1971-இல் பெரு நாட்டுக் காட்டின் மேல் விமானம் நொறுங்கி, 17 வயது ஜூலியானே கோப்கே மட்டும் உயிர் பிழைத்தார். 11 நாள் தனியாகத் தாக்குப்பிடித்தார். அவரை வாட்டியது ஜாகுவார் இல்லை. மூக்குக்கண்ணாடி தொலைந்துவிட்டது, காலில் ஒற்றைச் செருப்பு, கைக்காயத்தில் புழு. ஓடையைப் பின்தொடர்ந்தால் மனிதர்கள் இருக்கும் இடம் வரும் என்று பெற்றோரிடம் கற்றிருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. ஈரம், பசி, காயம், பூச்சி: நாவலை நகர்த்த இவை போதும்.

இனி அந்த இரண்டு பெண்கள். என் கணக்கில் பெரும்பாலான கதைகள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. அக்கா தைரியசாலி, தங்கை அழுமூஞ்சி. கடைசிப் பக்கம் வரை அதே. அல்லது இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பாசத்தைப் பொழிந்தபடியே நடக்கிறார்கள். எந்த வீட்டில் அப்படி? ஒரே ஒரு பிஸ்கட் பொட்டலம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா சரிபாதியாகப் பிரிக்கிறாள். தன் பங்கைத் தின்னாமல், நாளைக்குத் தங்கைக்கு ஆகும் என்று பையின் அடியில் ஒளித்து வைக்கிறாள். ராத்திரி தங்கையின் கை அதில் படுகிறது.

“நீ மட்டும் தனியா வச்சிருக்கியா?”

அக்காவுக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. சொன்னால் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்பதும் தெரிந்துவிடும். மறுநாள் காலை தங்கை பத்தடி தள்ளியே நடக்கிறாள். புதர் மண்டிய ஆற்றங்கரையில் பத்தடி என்பது ஆளே கண்ணுக்குத் தெரியாமல் போகிற தூரம். இனி பாம்பு வந்தாலும் வராவிட்டாலும் படிப்பவர் புரட்டிக்கொண்டே போவார். தங்கைக்கும் ஒரு திறமை இருக்கட்டும்: அவள்தான் நடந்து வந்த வழியை நினைவு வைத்திருப்பவள், அக்கா இல்லை.

இந்த இருவர் வாயில் தகவல் களஞ்சியத்தைத் திணிப்பது இன்னொரு தொல்லை. பயந்து ஓடும் பிள்ளை மரத்தின் அறிவியல் பெயரைச் சொல்லாது.

காட்டில் வாழும் மக்களை ஈட்டியோடு வந்து மிரட்டவோ, பிள்ளைகளைச் சாமியாகக் கும்பிடவோ மட்டும் வைப்பது பழைய, அசிங்கமான வழக்கம். 2023 மே மாதம் கொலம்பியாவில் விமானம் விழுந்து, நான்கு பிள்ளைகள் 40 நாள் அமேசானில் தாக்குப்பிடித்தார்கள். ஹுயிட்டோட்டோ பழங்குடிப் பிள்ளைகள். மூத்தவளுக்கு வயது 13, கடைக்குட்டி கைக்குழந்தை. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவைக் கொண்டும், எந்தக் காயைத் தின்னலாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கற்றதைக் கொண்டும் அக்கா மற்றவர்களைக் காப்பாற்றினாள். தேடிப்போனவர்களில் ராணுவத்தோடு பழங்குடியினரும் இருந்தார்கள். காட்டுக்கு வெளியிலிருந்து வரும் கதாபாத்திரம்தான் புத்திசாலியாக இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

கடைசியாக, பெரியவர்கள் திடீரென்று ஹெலிகாப்டரில் வந்து கதையை முடித்துவைப்பது. ஹெலிகாப்டர் வரட்டும், தப்பில்லை. கொலம்பியாவில் பாட்டியின் குரலைப் பதிவு செய்து, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று வானிலிருந்து ஒலிக்கவிட்டார்கள். உங்கள் கதையிலும் அப்படி ஒரு குரல் கேட்கலாம். அதை நம்பி நிற்பதா, தங்கையின் காய்ச்சலுக்காகத் தண்ணீர் தேடி நகர்வதா என்பதை அக்காவே தீர்மானிக்க வேண்டும். அவள் எடுக்கிற முடிவுக்கு ஏதாவது விலையும் இருக்க வேண்டும்.