கஸ்தோரியா பைசாந்திய அருங்காட்சியகம்: போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

வடமேற்கு கிரேக்கத்தில் ஒரெஸ்தியாதா ஏரிக்கரை ஊர் கஸ்தோரியா. அங்குள்ள பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு மரபுக் கலை) அருங்காட்சியகம் சிறியதுதானே, அரை மணியில் முடித்துவிடலாம் என்று நுழைபவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். ஒன்றரை மணி நேரமாவது வேண்டும்.

பெரிய இழப்பு, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரப்பலகையில் வரைந்த இருபக்கத் திருவோவியத்தை ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகர்வது. முன்பக்கத்தில் குழந்தையை ஏந்திய மரியாள், புருவம் நெரிந்து கலங்கி நிற்கிறார். ஏன் கலக்கம்? பின்பக்கம் போனால் தெரியும்: கண்மூடித் தலைசாய்ந்த, உயிரற்ற கிறிஸ்து. இத்தகைய பலகைகளைப் பவனியில் தூக்கிச் செல்வார்கள். எதிரே நிற்பவருக்கு ஒரு முகம், பின்னால் நடப்பவருக்கு இன்னொன்று.

நேர் எதிரே நின்று பார்த்தால் தங்கரேக்கும் வார்னிஷும் விளக்கொளியைக் கண்ணில் அடிக்கும். ஓரடி பக்கவாட்டில் நகருங்கள். முட்டை மஞ்சள் கருவில் குழைத்த நிறங்களின் மெல்லிய கோடுகள் தெளியும். ஃபிளாஷ் வேண்டாம். கிரேக்க அருங்காட்சியகங்களில் அதற்குத் தடை. படமும் வெளிறித்தான் வரும்.

மரியாளின் தலைக்கு ஒரு பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகளை ஆங்கில ‘எம், பி’ என்று படித்துவிடுகிறார்கள். இரண்டாவது எழுத்து கிரேக்க ‘ரோ’. மறுபக்க எழுத்துகளோடு சேர்த்தால் ‘மித்தீர் தெயூ’, அதாவது இறைவனின் தாய், என்பதன் சுருக்கம்.

பைசாந்தியப் பேரரசின் தலைநகர் கான்ஸ்தாந்திநோபிள் 1453இல் வீழ்ந்த பிறகு, இங்கே எப்படி 16ஆம் நூற்றாண்டு ஓவியம் என்று குழம்ப வேண்டாம். பேரரசு போனாலும் ஓவியர்கள் அதே மரபில் வரைந்துகொண்டே இருந்தார்கள். அந்தக் காலத்தைப் ‘பின்பைசாந்தியம்’ என்பார்கள்.

ஈஸ்டர் ஞாயிறன்று மூடியிருக்கும். மேற்கத்திய நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிட்டால் ஏமாறுவீர்கள்: 2024இல் மேற்கில் ஈஸ்டர் மார்ச் 31, கிரேக்கத்தில் மே 5. ஜனவரி 1, மார்ச் 25, மே 1, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களும் விடுமுறை. வார விடுமுறையும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறலாம். முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடுவதும் தவறு. இந்த ஓவியங்கள் ஊர்த் தேவாலயங்களில் இருந்தவை. சுவரோவியங்களுக்குக் கஸ்னித்சி புனித நிக்கோலாஸ் ஆலயம், கும்மட்டத்துக்குக் கூம்பெலிதிக்கி ஆலயம். சின்ன ஆலயங்கள் பல பூட்டியே கிடக்கும் என்பதால், எது அன்று திறந்திருக்கும் என்று நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டு, அதற்கேற்ப நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.