மார்பகப் புற்றுநோய்த் திசு அறிக்கையைப் படிக்கும் முறை

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி (செல்லில் இந்த ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) ஆகியவற்றுக்கு எதிரே உள்ள விழுக்காட்டைப் பாருங்கள். புற்றுச்செல்களின் உட்கருக்களில் குறைந்தது 1 விழுக்காடு சாயம் ஏற்றிருந்தால் அது நேர்மறை. ஆயினும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 1 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால், ஹார்மோன் சிகிச்சையின் பயனுக்கான சான்று அங்கே குறைவு என்பதால், 'குறைந்த நேர்மறை' எனத் தனியே குறிப்பார்கள்.

அதிகக் குழப்பம் தருவது ஹெர்2. செல்லின் மேற்சவ்வில் அமர்ந்து, பெருகும்படி உள்ளே சமிக்ஞை அனுப்பும் இப்புரதத்தின் மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளது. அம்மரபணுவின் நகல்கள் மிகும்போது புரதமும் மிகுகிறது. மேற்சவ்வு எவ்வளவு சாயம் ஏற்றுள்ளது என்பதை 0 முதல் 3+ வரை மதிப்பிடுவார்கள். 3+ என்றால் நேர்மறை. 0, 1+ என்றால் எதிர்மறை. 2+ முடிவான விடையல்ல; மரபணு நகல்களை நேரடியாக எண்ணும் ஃபிஷ் சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். 1+ என்பதையும் அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள்: பரவிய நோயில் இத்தகைய 'குறைந்த ஹெர்2' கட்டிகளுக்கும், ஹெர்2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் மருந்தை அமெரிக்கா 2022இல் அனுமதித்தது.

கேஐ-67 பெருகும் செல்களின் விழுக்காட்டைச் சொல்கிறது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அந்த எண் மாறுபடுவதால், அதை மட்டும் வைத்து அஞ்ச வேண்டியதில்லை.

இரு ஏற்பிகளும் ஹெர்2உம் எதிர்மறையாக இருந்தால், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 (பரம்பரையாக வரும் மாற்றங்களால் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணுக்கள்) சோதனை தேவையா என்று கேளுங்கள்.