பழைய வேட்டியில் குழந்தைக்குத் துணி நாப்கின்

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நாலு முழப் பருத்தி வேட்டிதான் இதற்கு ஏற்றது. பாலியஸ்டர் கலந்தது ஈரத்தை உறிஞ்சாது. ஜரிகைக் கரை தோலைக் கீறும், முதலில் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். 60 செ.மீ. சதுரமாக வெட்டினால் சுமார் 6 துண்டு தேறும். ஓரத்தை மடித்துத் தைக்காமல் விடாதீர்கள். பிரிந்த நூல் பிஞ்சுக் கால்விரலில் இறுகச் சுற்றி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

குறுக்காக மடித்து முக்கோணமாக்கி, நீண்ட பக்கம் படுத்திருக்கும் குழந்தையின் இடுப்புக்கு அடியில் வரும்படி விரியுங்கள். நுனியைக் கால்களுக்கு நடுவே மேலே கொண்டுவந்து, இரு முனைகளையும் அதன்மேல் முடியுங்கள். தொப்புள்கொடி விழாதவரை முடிச்சு அதற்குக் கீழேயே இருக்கட்டும்.

மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். சோப்பு கொஞ்சம் போதும். சரியாக அலசாமல் தங்கிவிட்டால் தோல் சிவக்கும். வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், அது நூலில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும். தாய்ப்பால் குழந்தையின் மஞ்சள் கறை, ஈரத்தோடு வெயிலில் காயப்போட்டாலே பெரும்பாலும் மங்கிவிடும்.

பிறந்த குழந்தைக்கு 24 துண்டாவது கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் இன்னும் 10.