எக்கோ நல்லம் என்றால் எல்லாம் நல்லமா? நீடித்த கொவிட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021இல் கொவிட் வந்து போன என் பெரியம்மாவுக்கு, திருகோணமலை கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. எக்கோ, அதாவது இதயத்தை ஒலியலையால் பார்க்கும் ஸ்கான், எடுத்தார்கள். "இதயம் நல்லாயிருக்கு, பயப்படாதீங்கோ" என்றார்கள். கிளினிக் கொப்பி அலமாரிக்குப் போய்விட்டது. மூச்சு வாங்குவது நிற்கவில்லை.

எக்கோவோ, அதேபோல ஒலியலையால் எடுக்கும் நுரையீரல் ஸ்கானோ நீடித்த கொவிட்டைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வரைவிலக்கணமே, கொவிட்டுக்குப் பிறகும் நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள் என்றுதான் சொல்கிறது. அந்த வேறு நோயைத் தேடத்தான் ஸ்கான். படுத்திருக்கும்போது எடுத்த எக்கோவுக்கு, எழும்பினால் வரும் படபடப்பு தெரியாது. படுக்கவைத்தும், பிறகு 10 நிமிடம் நிற்கவைத்தும் நாடியையும் பிரஷரையும் பார்க்க வேண்டும். பிரஷர் இறங்காமல் நாடி மட்டும் முன்பிருந்ததைவிட நிமிடத்துக்கு 30க்குக் குறையாமல் கூடி நின்றால் வைத்தியம் வேறு. எழும்பும்போது தலைசுற்றுவதைப் பெரியம்மா சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

நுரையீரல் ஸ்கானில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. ஒலியலை காற்றைத் தாண்டாது. அதனால் நுரையீரலின் விளிம்பு மட்டுமே தெரியும். உள்ளே ஆழத்தில் உள்ள தழும்புக்கு, எக்ஸ்-கதிரால் எடுக்கும் சி.டி. ஸ்கான் வேண்டும். திரையில் டோர்ச் அடித்தது போல மேலிருந்து கீழே விழுந்து, மூச்சோடு அசையும் வெள்ளைக் கோடுகளை 'பி கோடுகள்' என்பார்கள். கண்டதும் "கொவிட் தழும்பு" என்று முடிவுகட்டக் கூடாது. இதயம் களைத்து நீர் கோத்தாலும் அதே கோடுதான், நிமோனியாவிலும் அதேதான். எக்கோவையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

முதுகுப் பக்கத்தை விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. கொவிட் அதிகம் தாக்குவது அங்கேதான், கீழ்ப்பகுதியில். எங்கள் பெண்கள் கூச்சத்தில் சட்டையை விலக்க மாட்டார்கள். பெண் தாதி ஒருவரை நிற்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கிண்ணியா, மூதூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் பழைய ரிப்போட்டைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். போன முறை இருந்து எடுத்ததா, படுத்து எடுத்ததா என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடுகள் கூடினவா குறைந்தனவா என்று ஒப்பிட முடியாது.

ஸ்கான் நல்லம் என்ற துணிவில் மறுநாளே வீடு முழுக்கக் கூட்டித் துடைத்து, இரண்டு நாள் எழும்ப முடியாமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். வேலைக்குப் பிந்திய அந்தச் சரிவும் நோயின் அறிகுறிதான். அதை டொக்டரிடம் சொல்லுங்கள்.

திடீரென நெஞ்சு நொந்து மூச்சு முட்டினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். இரத்தம் கட்டியிருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.